சிகாகோவைக் கடைத்தெருக்கள் வழியே அறிவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சிகாகோவுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் நான்கைந்து இடங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மில்லேனியம் பூங்காவில் பளபளக்கும் ‘பீன்’ சிற்பம், வில்லிஸ் டவரின் கண்ணாடித் தளம், ஆற்றில் ஒரு படகுச் சவாரி, அரோராவில் பாலாஜி கோயில். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த ஊருக்கு யார் யார் வந்தார்கள், எதை விற்றுப் பிழைத்தார்கள், எதனால் இடம்பெயர்ந்தார்கள், அவர்கள் விட்டுப்போன கடையில் அடுத்து யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது அங்கே தெரியாது. அதற்குக் கடைத்தெருவில்தான் நடக்க வேண்டும். செக் நாட்டவர் கட்டிய கட்டடத்துக்குக் கீழே மெக்ஸிகோக்காரர் ரொட்டி விற்பதையும், யூதர்களின் வழிபாட்டுக்கூடம் கறுப்பின மக்களின் பத்திரிகை அலுவலகமாக மாறியதையும் நேரில் பார்த்தால்தான் இந்த ஊரின் வரலாறு மனதில் நிற்கும்.

பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதம் தங்கும் பெற்றோர், படிக்க வந்த மாணவர்கள், வேலைக்கு வந்து புறநகரிலேயே அடைந்து கிடப்பவர்கள் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் படி: முகவரி எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் கிளம்பினால் கைபேசி வரைபடத்தைப் பார்த்தபடியே நடக்க வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனைதான் ஊருக்குப் பூஜ்யப் புள்ளி. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு மைலுக்கு 800 எண்கள். எட்வர்ட் பிரென்னன் என்பவர் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தி, 1909-ல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. மேற்கே ஒரு மைல் போனால் ஹால்ஸ்டெட் தெரு, எண் 800. இரண்டு மைலில் ஆஷ்லண்ட், 1600. மூன்று மைலில் வெஸ்டர்ன், 2400. வடக்கே நான்கு மைலில் பெல்மான்ட், 3200. எட்டு மைலில் டெவன், 6400. தெற்கே மட்டும் முதல் மூன்று மைலுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு: ரூஸ்வெல்ட் 1200, செர்மாக் 2200, அப்புறம் 31-வது தெரு. அதைத் தாண்டினால் பழையபடி 800 கணக்குதான். இரட்டைப்படை எண்கள் தெருவின் வடக்கு அல்லது மேற்குப் பக்கத்திலும், ஒற்றைப்படை எண்கள் தெற்கு அல்லது கிழக்குப் பக்கத்திலும் இருக்கும்.

இந்தக் கணக்குக்கும் கடைத்தெருக்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு மைலுக்கும் அரை மைலுக்கும் ஒன்றாக வரும் அகலத் தெருக்களில்தான் டிராம் வண்டிகள் ஓடின. இரண்டு தடங்கள் வெட்டிக்கொள்ளும் முனையில் மக்கள் இறங்கி வேறு வண்டி மாறினார்கள். வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டம் கடைக்காரருக்கு வரம் அல்லவா? அந்த முனைகளில் வங்கியும் திரையரங்கும் துணிக்கடையும் மருந்துக்கடையும் முளைத்தன. டிராம் 1958-ல் நின்றுபோனது, கட்டடங்கள் அங்கேயே நிற்கின்றன. எந்தப் பேட்டையாக இருந்தாலும் பழைய கடைவீதி எங்கே என்று தேட முதலில் 800-ன் மடங்கில் வரும் முனைகளைப் பாருங்கள்.

கட்டங்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் தெருக்களும் உண்டு. மில்வாக்கி, கிளார்க், லிங்கன், ஆக்டன் போன்றவை. இவற்றில் பல, வெள்ளையர் வருவதற்கு முன்பே பூர்வகுடி மக்கள் நடந்த தடங்களை ஒட்டிப் போட்டவை. சாய்வுத் தெரு ஒன்று இரண்டு நேர்த்தெருக்களைச் சந்திக்கும் இடத்தில் ஆறு மூலைகள் வரும். அந்த இடங்களில் வியாபாரம் இன்னும் சூடு. மில்வாக்கி, நார்த், டேமன் மூன்றும் கூடும் விக்கர் பார்க் முனை அப்படிப்பட்டது. அங்கே 1929-ல் எழுந்த நார்த்வெஸ்ட் டவர் இன்றைக்கும் அந்தப் பேட்டையின் அடையாளம்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் 77 ‘சமூகப் பகுதிகள்’ உண்டு. 1920-களில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புள்ளிவிவரம் சேகரிப்பதற்காக வகுத்தவை அவை. ஆனால் மக்கள் வாயில் புழங்கும் பேட்டைப் பெயர்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. பில்சன் என்று எல்லோரும் சொல்வார்கள், பட்டியலில் அது ‘லோயர் வெஸ்ட் சைட்’. பிரான்ஸ்வில் என்பது ‘டக்ளஸ்’, ‘கிராண்ட் பூலவார்ட்’ பகுதிகளில் அடங்கும். டெவன் கடைத்தெரு ‘வெஸ்ட் ரிட்ஜ்’ பகுதியில் இருக்கிறது.

இரண்டாம் படி: போக்குவரத்தும் நேரமும்

நேப்பர்வில், அரோரா பக்கம் இருப்பவர்கள் மெட்ரா என்ற புறநகர் ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்து இறங்கலாம். ஊருக்குள் ‘எல்’ என்று எல்லோரும் சொல்லும் ரயிலும் பேருந்தும் போதும். ரயில் தடங்கள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இரண்டுக்கும் கட்டணம் செலுத்த வெண்ட்ரா அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காரை எடுத்துவராமல் இருப்பதே நல்லது. கார் நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒரு தெருவை நடந்தே பார்த்துவிடலாம்.

மே முதல் அக்டோபர் வரை நடக்க ஏற்ற காலம். தென்புறம், மேற்குப்புறம் பற்றிப் பலர் உங்களைப் பயமுறுத்துவார்கள். பகல் நேரத்தில், பெரிய தெருக்களில், எந்தப் பெரிய ஊரிலும் இருக்கும் சாதாரண கவனத்தோடு போங்கள். அந்தப் பயத்தால் ஊரின் பாதி வரலாற்றைப் பார்க்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

மூன்றாம் படி: ஸ்டேட் தெருவில் தொடங்குங்கள்

ஆரம்ப காலத்தில் ஊரின் பெரிய கடைத்தெரு ஆற்றை ஒட்டிய லேக் தெருதான். அதை மாற்றியவர் பாட்டர் பாமர் என்ற துணி வியாபாரி. 1860-களின் கடைசியில் ஸ்டேட் தெருவில் முக்கால் மைல் நீளத்துக்கு நிலத்தை வாங்கிப் போட்டு, குறுகலாக இருந்த தெருவை அகலப்படுத்த வைத்து, நடுவில் பளிங்குக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். அதில் 1868-ல் ஃபீல்ட் அண்ட் லெய்ட்டர் கடை குடியேறியது. கூட்டமும் பின்னாலேயே வந்தது. ஒரு தனி மனிதர் ஊரின் கடைவீதியையே கிழக்கு மேற்கிலிருந்து வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டார்.

1871 அக்டோபர் 8 இரவு தொடங்கிய பெருந்தீயில் எல்லாம் போனது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஊரில் மூன்றில் ஒருவர் தெருவில் நின்ற நேரம் அது. ஆனால் கடைக்காரர்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அந்த மறுகட்டுமானத்துக்குப் பிந்திய ஸ்டேட் தெரு.

நடையை லேக் தெரு முனையிலிருந்து தெற்கு நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது மார்ஷல் ஃபீல்ட் கடை. ஃபீல்ட் அண்ட் லெய்ட்டரில் பங்காளியாக இருந்தவர் பெயரில் வளர்ந்த கடை இது. வெளியே மூலையில் 1897 முதல் தொங்கும் பச்சை நிறப் பெரிய கடிகாரம். உள்ளே போய் மேலே பாருங்கள். 1907-ல் டிஃபானி நிறுவனம் வேய்ந்த மொசைக் கூரை, சுமார் 16 லட்சம் கண்ணாடித் துண்டுகளால் ஆனது. துணி வாங்க வரும் சாதாரணப் பெண்களுக்காக ஒரு கடைக்காரர் இப்படியொரு கூரையைப் போட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான். 2006-ல் பெயர்ப்பலகை மேசீஸ் என்று மாறியபோது ஊர்க்காரர்கள் கடை முன்னால் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வயதானவர்கள் இன்றும் ஃபீல்ட்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஏழாவது மாடியில் வால்நட் ரூம் என்ற உணவகமும் 1907-ல் திறந்ததுதான்.

அடுத்து வாஷிங்டன் தெரு முனையில் ரிலையன்ஸ் கட்டடம், 1895. இப்போது தங்கும் விடுதி. நடுவில் திறக்க முடியாத அகலக் கண்ணாடி, இருபுறமும் காற்றுக்குத் திறக்கும் ஒல்லிச் சன்னல்கள். இதற்குச் ‘சிகாகோ சன்னல்’ என்றே பெயர். எஃகுச் சட்டம் எடையைத் தாங்கியதால் சுவரையே சன்னலாக்க முடிந்தது. இந்தக் கட்டடத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிடத் தேவைப்படும்.

மேடிசன் முனையில் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் கட்டிய கடை. 1899-ல் தொடங்கிய வேலை. கார்சன் பிரீ ஸ்காட் என்ற பெயரில் ஒரு நூற்றாண்டு நடந்து 2007-ல் மூடியது. வளைந்த வாசலைச் சுற்றி வார்ப்பிரும்பில் கொடியும் இலையுமாக வார்த்திருக்கிறார்கள். அருகில் போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே இப்போது டார்கெட் கடை, 2012 முதல். வாசலின் அழகைக் கெடுக்காமல் பலகை வைத்திருக்கிறார்கள்.

இங்கிருந்து மேற்கும் தெற்குமாக நடந்து டியர்போர்ன், ஜாக்சன் முனையில் மொனட்னாக் கட்டடத்துக்கு வாருங்கள். வடக்குப் பாதி 1891. பதினாறு மாடியின் மொத்த எடையையும் செங்கல் சுவரே தாங்குகிறது, அதனால் அடியில் சுவர் சுமார் ஆறு அடி கனம். தெற்குப் பாதி 1893, எஃகுச் சட்டம். கீழ்த்தளத்து நடைக்கூடம் இரண்டுக்கும் பொது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் கட்டடக் கலை மாறிய அந்த இரண்டு ஆண்டுகளை நடந்தே கடந்துவிடலாம். இருபுறமும் சின்னச் சின்னக் கடைகள். ரிலையன்ஸின் சன்னலையும் இதன் வடக்குப் பாதிச் சன்னலையும் ஒப்பிடுங்கள். நான் சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும்.

மிச்சமெல்லாம் வேகமாகப் பார்க்கலாம். லாசால் தெருவில் ரூக்கரி கட்டடத்தின் முற்றம், அதன் தெற்கே வணிகச் சபை, வாபாஷ் அவென்யூவில் ரயில் பாதைக்கு அடியில் நகைக்கடை வரிசை. ஆனால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை அருங்காட்சியகத்தை விடாதீர்கள், இரண்டு காரணங்களுக்காக.

ஒன்று, சல்லிவனும் அவருடைய பங்காளி ஆட்லரும் கட்டிய பங்குச்சந்தைக் கட்டடத்தை 1972-ல் இடித்தார்கள். அதன் அலங்காரத் துண்டுகளை இடிபாட்டிலிருந்து காப்பாற்றப் போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல், உள்ளே தளம் சரிந்து அங்கேயே இறந்தார். அந்தச் சந்தையின் வணிகக் கூடத்தை அருங்காட்சியகத்துக்குள் திரும்ப அமைத்திருக்கிறார்கள், வாசல் வளைவு வெளியே மன்ரோ, கொலம்பஸ் முனையில் நிற்கிறது. இந்த ஊரில் பழைய கட்டடங்கள் மிஞ்சியிருப்பதற்கு அவரைப் போன்றவர்கள் காரணம்.

இரண்டாவது நமக்கு நெருக்கமானது. 1893 செப்டம்பர் 11 அன்று சுவாமி விவேகானந்தர் சர்வ சமயப் பேரவையில் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவருடைய பயணத்துக்குச் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள்.

நான்காம் படி: மேக்ஸ்வெல் தெருவிலிருந்து பில்சன் வரை

இந்த நாளின் தொடக்கம் ஹால்ஸ்டெட் தெரு எண் 800 தெற்கு. அங்கே ஹல் ஹவுஸ். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் குடிவந்து, சுற்றியிருந்த இத்தாலிய, கிரேக்க, யூதக் குடியேறிகளுக்குப் பள்ளி, குழந்தைகள் காப்பகம், மருத்துவ உதவி என்று ஒன்றொன்றாகத் தொடங்கினார்கள். ஆடம்ஸுக்கு 1931-ல் அமைதி நோபல் பரிசு கிடைத்தது. பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களாக வளர்ந்த வளாகத்தில் பெரும்பகுதியை 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அருங்காட்சியகம்.

தெற்கே கொஞ்சம் நடந்தால் மேக்ஸ்வெல் தெரு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் தள்ளுவண்டி வியாபாரத்தில் தொடங்கிய சந்தை, 1912-ல் மாநகராட்சி அதை முறைப்படி அங்கீகரித்தது. மற்ற இடமெல்லாம் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இங்கே கூட்டம். கையில் கொஞ்சம் பணத்தோடு எவரும் கடை போடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தபோது அவர்களும் இங்கே விற்றார்கள், வாங்கினார்கள், பாடினார்கள். சந்தை இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று கடைக்காரர்களிடம் மின் இணைப்பு வாங்கி கிதாரைப் பெருக்கியில் மாட்டினார்கள். மடி வாட்டர்ஸ், லிட்டில் வால்டர் போன்றவர்கள் வாசித்த தெரு இது. சிகாகோ புளூஸ் என்று உலகம் கேட்கும் இசையில் இந்தச் சந்தையின் சத்தமும் இருக்கிறது.

1950-களில் அதிவேக நெடுஞ்சாலை ஒரு பகுதியை விழுங்கியது. 1994-ல் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காகச் சந்தையையே வேறு தெருவுக்கு நகர்த்தினார்கள். இன்று மேக்ஸ்வெல், ஹால்ஸ்டெட் முனையில் பார்த்தால் பழைய கடைகளின் முகப்புகள் சில அழகாக நிற்கும். பின்னால் இருப்பது புதுக் கட்டடம். முகத்தை மட்டும் பாதுகாத்து உடம்பை மாற்றிய இந்த ஏற்பாட்டை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். சந்தையைச் சந்தையாக்கியது செங்கல் அல்ல, அங்கே கடை போட முடிந்த ஏழைகள்.

1960-களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக நடந்த இடிப்பில் வீடிழந்த மெக்ஸிகோ நாட்டவர் பலர் தெற்கே 18-வது தெருவுக்குப் போனார்கள். அதுதான் பில்சன். நீங்களும் போங்கள். பிங்க் லைனில் 18-வது தெரு நிலையத்தில் இறங்கலாம், படிக்கட்டிலேயே ஓவியங்கள் தொடங்கிவிடும்.

பில்சன் என்ற பெயர் செக் நாட்டின் பில்சன் நகரத்திலிருந்து வந்தது. 1871 தீக்குப் பிறகு செக் மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பெருமை 1892-ல் கட்டிய தாலியா ஹால், 18-வது தெருவும் ஆல்போர்ட்டும் சந்திக்கும் முனையில். கீழே கடைகள், மேலே குடியிருப்பு, நடுவில் ஒரு முழு நாடக அரங்கம். இப்போது அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில வீடுகளின் முன்வாசல் தெருவைவிட ஒரு ஆள் உயரம் பள்ளத்தில் இருக்கும். ஊர் சதுப்பு நிலத்தில் அமைந்தது. கழிவுநீர்க் குழாய்களைப் பதிக்கத் தெருக்களை மேடாக்கினார்கள். வீட்டை உயர்த்த வசதியில்லாதவர்கள் பழைய மட்டத்திலேயே இருந்தார்கள். பிறகு வந்தவர்கள் இரண்டாம் மாடியை வாசலாக்கிக்கொண்டார்கள்.

18-வது தெருவின் ரொட்டிக்கடைகளில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு வேண்டியதை நாமே பொறுக்கி எடுக்க வேண்டும். சைவர்கள் பன்றிக் கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மெக்ஸிகோ கலைகளுக்கான தேசிய அருங்காட்சியகம் 1987-ல் திறந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. 16-வது தெருவில் ரயில் பாதையின் சுவர் நீளத்துக்கும் ஓவியங்கள். வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் மீண்டும் இடம்பெயர்வது இப்போதைய கவலை. சுவர் ஓவியங்கள் சிலவற்றில் அந்தக் கோபத்தையும் பார்க்கலாம்.

நேரம் இருந்தால் 60-ம் எண் பேருந்தில் ஏறி 26-வது தெருவுக்குப் போங்கள், லிட்டில் வில்லேஜ். வாசலில் பெரிய வளைவு, திருமண உடைக்கடைகள், தள்ளுவண்டியில் மாங்காயும் மிளகாய்ப் பொடியும். பில்சனில் கொஞ்சம் காசு சேர்த்த செக் குடும்பங்கள் அடுத்து வீடு வாங்கிப் போன இடம் இது. இரண்டு தலைமுறை கழித்து மெக்ஸிகோக் குடும்பங்களும் அதே வழியில் அதே இடத்துக்குப் போனார்கள்.

ஐந்தாம் படி: பிரான்ஸ்வில்லுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்

பயண வழிகாட்டிகள் இதை இரண்டு வரியில் முடிப்பது எனக்கு வருத்தம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே ரயிலேறினார்கள். சிகாகோவில் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்க முடியவில்லை. வீட்டுப் பத்திரத்திலேயே ‘கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்ற நிபந்தனை எழுதியிருந்தார்கள். ஸ்டேட் தெருவை ஒட்டிய ஒடுக்கமான நிலத்தில் எல்லோரும் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது. 1919 ஜூலையில் மூண்ட இனக் கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். அந்த நெருக்கடிக்குள்தான் சொந்த வங்கி, சொந்தக் காப்பீட்டு நிறுவனம், சொந்தப் பத்திரிகை, சொந்த அழகுசாதனத் தொழில் என்று ஒரு நகரத்துக்குள் ஒரு நகரத்தைக் கட்டினார்கள்.

கிரீன் லைனில் 35-வது தெரு, பிரான்ஸ்வில், ஐ.ஐ.டி. நிலையத்தில் இறங்குங்கள். இந்த ஐ.ஐ.டி. இல்லினாய் தொழில்நுட்பக் கழகம், நம் மாணவர்கள் பலர் படிக்கும் இடம். அங்கே 1956-ல் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டிய கிரவுன் ஹால் உலகப் புகழ் பெற்றது. அது நிற்கும் நிலத்தில் மெக்கா ஃபிளாட்ஸ் என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. நூற்றுக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த அதை 1952-ல் இடித்துத்தான் இடம் எடுத்தார்கள். அங்கே படிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டேட் தெரு 3619-ல் ஓவர்டன் ஹைஜீனிக் கட்டடம். 1920-களின் தொடக்கத்தில் அந்தோணி ஓவர்டன் கட்டியது. கறுப்பினப் பெண்களுக்கான முகப்பவுடர் தொழிலில் வந்த பணம். அதே கட்டடத்தில் வங்கி, காப்பீடு, பத்திரிகை எல்லாம் நடத்தினார். பக்கத்தில் ஜெஸ்ஸி பிங்காவின் வங்கி இருந்தது, 1908-ல் தொடங்கியது. வெள்ளையர் தெருவில் வீடு வாங்கினார் என்பதற்காக அவர் வீட்டின் மேல் பலமுறை குண்டு வீசினார்கள். அவர் வீட்டைக் காலி செய்யவில்லை. 1930-ல் பொருளாதாரச் சரிவில் வங்கி மூழ்கியது, சேமிப்பு வைத்திருந்த மக்களும் கூடவே மூழ்கினார்கள். கட்டடம் இப்போது இல்லை.

இண்டியானா அவென்யூ 3435-ல் பழைய சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை அலுவலகம். 1899-ல் யூத வழிபாட்டுக்கூடமாகக் கட்டியது, 1920 முதல் 1960 வரை பத்திரிகை. 1905-ல் அதைத் தொடங்கியவர் ராபர்ட் ஆபட். தெற்கு மாநிலங்களில் இந்தப் பத்திரிகையை விற்பதே ஆபத்து என்ற நிலையில், புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் கட்டுக்கட்டாக ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைப் படித்துத்தான் பலர் சிகாகோவுக்கு மூட்டை கட்டினார்கள்.

35-வது தெருவில் கிழக்கே நடந்தால் எண் 315-ல் ஜாஸ் இசைக் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் வாசித்த சன்செட் கஃபேயின் கட்டடம். பிற்காலத்தில் பல ஆண்டுகள் அது வன்பொருள் கடையாக இருந்தது. தெருவின் கோடியில் கிங் டிரைவ் சந்திப்பில் 1921-ல் கட்டிய சுப்ரீம் லைஃப் காப்பீட்டுக் கட்டடமும், முதல் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர்களுக்கான வெற்றித் தூணும் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே 26-வது தெரு வரை நடக்க முடிந்தால் நடந்துவிடுங்கள். கையில் பெட்டியோடு நிற்கும் மனிதனின் வெண்கலச் சிலை இருக்கும், 1996-ல் அலிசன் சார் வடித்தது. அவன் உடையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முழுவதும் தேய்ந்த செருப்புகளின் அடிப்பாகங்கள்.

இப்போது ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பெரிய வணிகப் பேட்டை எங்கே போனது, ஏன் இவ்வளவு காலி மனைகள்? 1948-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. வசதி உள்ளவர்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள், அவர்களுடைய பணமும் போனது. அதே நேரத்தில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் தெருத் தெருவாக இடித்து அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். ராபர்ட் டெய்லர் குடியிருப்பு மட்டும் பதினாறு மாடிக் கட்டடங்கள் இருபத்தெட்டு. கடைக்கு இடமே இல்லாத வரிசை. 2007-க்குள் அவற்றையும் இடித்துவிட்டார்கள். காலி மனைகளைப் பார்க்கும்போது அங்கே கடைகள் இருந்தன என்பதை நினைத்துக்கொண்டு நடங்கள்.

ஆறாம் படி: மூன்று சின்னத் தெருக்கள், ஒரே நாளில்

காலையில் சைனாடவுன். சீனர்கள் முதலில் நகர மையத்தில் கிளார்க் தெருவில் இருந்தார்கள். வாடகை நெருக்கடியால் 1912 வாக்கில் தெற்கே செர்மாக், வென்ட்வர்த் முனைக்கு வந்தார்கள். 1928-ல் கட்டிய ஆன் லியாங் வணிகர் சங்கக் கட்டடத்தின் சுடுமண் அலங்காரத்தைப் பாருங்கள். கூரை சீன பாணி, கட்டியது சிகாகோ முறை.

அங்கிருந்து ரெட் லைனில் நேராக வடக்கே ஆர்கைல். 1970-களில் வியட்நாம் அகதிகள் காலியாகக் கிடந்த கடைகளை எடுத்துத் திறந்தார்கள். மதியம் ஒரு கிண்ணம் ஃபோ என்ற வியட்நாம் நூடுல்ஸ் சூப். அதே தெருவில் எஸ்ஸனே என்ற மௌனப்படக் கூடம் இருந்தது, 1915-ல் சாப்ளின் அங்கே ஒரு படம் எடுத்தார். வாசல் இன்னும் இருக்கிறது.

மாலையில் கிளார்க் தெருவில் ஆண்டர்சன்வில். ஸ்வீடன்காரர்களின் பழைய பேட்டை, அவர்களுக்கான அருங்காட்சியகமும் உண்டு. பெரிய சங்கிலிக் கடைகளை நம்பாமல் சிறு கடைகளாலேயே நடக்கும் தெரு. 2004-ல் இங்கே ஒரு ஆய்வு செய்தார்கள். உள்ளூர்க் கடையில் செலவழிக்கும் 100 டாலரில் 68 டாலர் ஊருக்குள்ளேயே தங்குகிறது, சங்கிலிக் கடையில் 43 டாலர்தான் என்று கண்டார்கள். அமெரிக்காவின் பல ஊர் வணிகர் சங்கங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் கணக்கு அது.

ஏழாம் படி: டெவன் அவென்யூவை வாங்கப் போகாமல் பார்க்கப் போங்கள்

நம்மில் பலருக்கு டெவன் என்றால் மளிகை. முதல் ஆறு படிகளை முடித்தபின் போனால் அதே தெரு வேறு மாதிரி தெரியும்.

எண் 6400 வடக்கு, அதாவது பூஜ்யப் புள்ளியிலிருந்து எட்டு மைல். ரெட் லைனில் லயோலா இறங்கி 155-ம் எண் பேருந்தில் மேற்கே வாருங்கள். கடைகள் நெருக்கமாக இருப்பது வெஸ்டர்னுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவில், 2400-க்கும் 2800-க்கும் இடையில். முதல் படியில் கற்ற கணக்கு இங்கேயும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது யூதர்களின் கடைத்தெரு. அவர்களுடைய பிள்ளைகள் புறநகருக்குப் போகப் போகக் கடைகள் காலியாயின. அதே காலத்தில், 1965 குடியேற்றச் சட்டத்தால் இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பருப்பும் புடவையும் வேண்டியிருந்தது. பட்டேல் பிரதர்ஸ் தன் முதல் கடையை 1974-ல் டெவனில்தான் திறந்தது. இன்று நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட நிறுவனம். புடவைக்கடை, நகைக்கடை, 220 வோல்ட் மின்சாதனக் கடை என்று வரிசையாக வந்தன. ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் பொருளை இங்கே வாங்கித்தான் பெட்டி கட்டினார்கள்.

தெருப்பலகைகளை வரிசையாகப் படியுங்கள். ஒரே தெருவுக்கு மாநகராட்சி கொடுத்த கௌரவப் பெயர்கள்: காந்தி மார்க், முகம்மது அலி ஜின்னா வே, ஷேக் முஜிப் வே, கோல்டா மேயர் பூலவார்ட். ஊரில் ஒருவரோடு ஒருவர் போர் தொடுத்த நாடுகளின் மக்கள் இங்கே பக்கத்துக் கடைக்காரர்கள். ஆகஸ்டில் இந்திய சுதந்திர தின ஊர்வலமும் பாகிஸ்தான் சுதந்திர தின ஊர்வலமும் இதே தெருவில்தான் போகும்.

கலிஃபோர்னியாவைத் தாண்டி மேற்கே நடங்கள். அங்கே யூத வழிபாட்டு இடங்களும், யூத மத விதிப்படி சமைக்கும் கோஷர் உணவுக்கடைகளும் இன்றும் உண்டு. மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்களுக்கான பண்பாட்டு மையமும் 2016 முதல் டெவனில் இயங்குகிறது. நேப்பர்வில்லிலும் ஷாம்பர்க்கிலும் பெரிய இந்தியக் கடைகள் வந்துவிட்டதால் நம் குடும்பங்கள் டெவனுக்கு வருவது குறைந்துவருகிறது. புடவைக்கடை மூடிய இடத்தில் யார் வாடகைக்கு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். கடைக்காரரிடம் ஒரு தேநீருக்குப் பிறகு, ‘உங்களுக்கு முன்னால் இந்தக் கடையில் என்ன இருந்தது?’ என்று கேளுங்கள். பலர் விரிவாகச் சொல்வார்கள். சொன்னதைக் குறித்துவைத்து, நகர மையத்திலுள்ள ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்துக்குப் போனால், பேட்டைகளின் வரலாற்றுக்கென்றே தனியாக வைத்திருக்கும் சேகரிப்பில் அந்தக் கடைக்கு முந்தைய கடைகளையும் தேடிப் பார்க்கலாம்.